உங்க வீட்டுச் சுவரில் இருக்கும் ரவிவர்மா



படிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. உங்க வீட்டு பூஜை ரூமை ஒரு நிமிஷம் மனசுல கொண்டு வாங்க. அங்க லட்சுமி படம் இருக்கா? தாமரை மேல நின்னுட்டு, ரெண்டு கையில தாமரைப்பூ, பக்கத்துல மாலையோட ஒரு யானை? சரஸ்வதி படம்? ஆத்தோரமா பாறை மேல உட்கார்ந்து வீணை வாசிக்கிற மாதிரி, பக்கத்துல மயில்?

இருக்குன்னா, உங்க வீட்ல ஒரு பெரிய ஓவியரோட கை இருக்கு. அவர் இறந்து 100 வருஷத்துக்கு மேல ஆச்சு. பேரு ராஜா ரவிவர்மா. பேரைக் கேட்டிருப்பீங்க. ஆனா அவர் வாழ்க்கையில எந்த முடிவால அவர் படம் உங்க வீடு வரைக்கும் வந்துச்சுன்னு தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரிஞ்சப்போ லேட் ஆயிடுச்சு. அந்தக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன்.

(எல்.கே.ஜி-ல இருந்து இங்கிலீஷ் மீடியம். தமிழ்ல ஏதாவது தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.)

எங்க ஊர் சாலவாக்கம். உத்திரமேரூர் பக்கம். உத்திரமேரூரை குடவோலைக் கல்வெட்டுக்காக நீங்க ஸ்கூல் புக்ல படிச்சிருப்பீங்க. எங்க ஊர் எந்த புக்லயும் வராது. ஏரி, நெல்லு, கல் குவாரிக்குப் போற டிப்பர் லாரி, அவ்வளவுதான். அங்க எங்க ஆயாவோட ஓட்டு வீட்ல ஒரு லட்சுமி படம் இருந்துச்சு. கண்ணாடிக்குள்ள இருந்த படத்துல புடவை மட்டும் மினுமினுன்னு தனியா தெரியும். யாரோ நிஜ ஜரிகையை வெட்டி, புடவை மேல ஒட்டியிருந்தாங்க. சின்ன வயசுல அதைத் தொட்டுப் பாக்கணும்னு எனக்கு அவ்வளவு ஆசை.

நான் பத்தாவது படிக்கும்போது ஓட்டு வீட்டை இடிச்சு மெத்தை வீடு கட்டினோம். சாமான் எடுத்து வைக்கும்போது படத்தோட கண்ணாடி விரிசல் விட்டுடுச்சு. உடைஞ்ச சாமி படத்தை வீட்ல வைக்கக் கூடாது, தூக்கியும் போடக் கூடாது. நம்ம ஊர்ல அதுக்கு ஒரே வழி, அரசமரத்தடி. ஏரிக்கரை அரசமரத்துக்கு அதைத் தூக்கிட்டுப் போய் வெச்சது நான்தான். வெச்சுட்டு கிரிக்கெட் ஆடப் போயிட்டேன்.

மூணு வருஷம் கழிச்சு, காலேஜ்ல இமேஜ் ப்ராசஸிங் லேப். ஒரு கலர் படத்தைப் புள்ளிகளா எப்படிப் பிரிச்சு அச்சடிக்கிறாங்கன்னு ஒரு எக்ஸ்பரிமென்ட். சாம்பிள் படம் தேடும்போது ஸ்க்ரீன்ல வந்து நின்னது அதே லட்சுமி, அதே யானை. கீழ ரவிவர்மா அச்சகம்னு போட்டிருந்தது. அன்னைக்கு நைட் முழுக்க அவரைப் பத்திப் படிச்சேன். இனி அவர் கதை.

கரித்துண்டும் சுவரும்

ரவிவர்மா பிறந்தது 1848 ஏப்ரல் 29. ஊர், திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்த கிளிமானூர். பேருக்கு முன்னாடி ராஜா இருந்தாலும் அவர் நாடு ஆண்ட ராஜா கிடையாது. திருவிதாங்கூர் அரச குடும்பத்தோடு திருமண உறவு கொண்ட ஒரு பெரிய குடும்பம், அவ்வளவுதான். அம்மா உமாம்பா பாய், அப்பா நீலகண்டன் பட்டதிரிப்பாடு.

சின்னப் பையனா இருந்தப்போ வெள்ளையடிச்ச சுவர் எல்லாம் கரித்துண்டால் படம் வரைந்து வைப்பாராம். நம்ம வீடா இருந்தா முதுகுல ரெண்டு விழுந்திருக்கும். அவருக்கு வாய்த்தது ஒரு நல்ல தாய்மாமா. ராஜ ராஜ வர்மா என்ற அந்த மாமா, தஞ்சாவூர் பாணியில் படம் வரையத் தெரிந்தவர். முதல் பாடம் அவரிடம்தான். 1862-ல், 14 வயசுல, மாமா அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைத்துப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜா முன் நிறுத்தினார். மகாராஜா அங்கேயே தங்கிக் கற்றுக்கொள்ளச் சொன்னார்.

யாரும் சொல்லித் தராத பாடம்

இப்போ நமக்கு எதைக் கத்துக்கணும்னாலும் யூடியூப் இருக்கு. அப்போ எண்ணெய் வண்ணம் என்பது இந்தியாவில் ரொம்பப் புதுசு. அரண்மனையில் அது தெரிந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். அவர் இந்தப் பையனுக்குச் சொல்லித் தர மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்ற இன்னொரு தமிழர்தான் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. வரையும்போது பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் அனுமதி. ரவிவர்மா பார்த்தார். வண்ணத்தை எப்படிக் குழைக்கிறார், வெளிச்சம் முகத்தில் எங்கே விழுகிறது, ஈரம் காய்வதற்குள் என்ன செய்கிறார் என்று பார்த்துப் பார்த்து, தனியாகப் போய்ச் செய்து பழகினார். நடுவில், 1866-ல், மாவேலிக்கரை அரச குடும்பத்துப் பாகீரதியோடு கல்யாணமும் ஆகியிருந்தது.

ஒரு திறமையைச் சிலர் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும்போது வெளியில் நிற்பவனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பின்னால் அவர் எடுத்த முடிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வருஷங்கள் ஞாபகம் வரும்.

மெட்ராஸ் கொடுத்த மெடல்

1873-ல் மெட்ராஸில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். தலையில் மல்லிகைப் பூ வைத்துக்கொள்ளும் ஒரு நாயர் பெண். வெள்ளைக்காரர்கள் நிறையப் பேர் கலந்துகொண்ட போட்டியில் கவர்னரின் தங்கப் பதக்கம் அவருக்கு. அதே படம் வியன்னா கண்காட்சிக்கும் போய்ப் பரிசு வாங்கியது. அடுத்த வருஷம் ஒரு தமிழ்ப் பெண் இசைக்கருவி வாசிக்கும் படத்துக்கு மறுபடியும் மெட்ராஸில் பரிசு. 1876-ல், துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலையை வரைந்தார். அதை மெட்ராஸ் கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபுவே வாங்கிக்கொண்டார். நம்ம பக்கிங்காம் கால்வாய்க்குப் பேர் கொடுத்த அதே ஆள்.

அதுக்கப்புறம் கிராக்கி தாங்கல. பரோடா, மைசூர் என்று ராஜாக்கள் வரிசையில் நின்றார்கள். தம்பி சி. ராஜ ராஜ வர்மா அவர் கூடவே ஊர் ஊராகப் போனார். இயற்கைக் காட்சி வரைவதில் தம்பி கெட்டிக்காரர். அண்ணன் ஆட்களை வரைய, தம்பி பின்னணியை வரைவார். கணக்கு, பயணம், கடிதம் எல்லாம் தம்பி பொறுப்பு. வந்து குவிந்த கடிதங்களுக்காகவே கிளிமானூரில் ஒரு தபால் ஆபீஸ் திறக்க வேண்டியிருந்தது என்று சொல்வார்கள்.

1888-ல் பரோடா மகாராஜா சாயாஜிராவ் புராணக் காட்சிகளாக 14 படங்கள் கேட்டார். இங்க ஒரு பிரச்சினை. லட்சுமி, சரஸ்வதி, சீதை, தமயந்தி, இவங்க எல்லாம் என்ன டிரஸ் போட்டிருப்பாங்க? கேரளாவில் ஒரு மாதிரி, வங்காளத்தில் ஒரு மாதிரி, பஞ்சாபில் ஒரு மாதிரி. எல்லாரும் இது நம்ம சாமி என்று சொல்லணும். அண்ணனும் தம்பியும் வட இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவர் பிடித்தது புடவை. அதிலும் அதிகமாக மகாராஷ்டிரப் பெண்கள் கட்டும் பாணி. இன்னைக்கு சாமின்னாலே நமக்குப் பட்டுப்புடவைதான் ஞாபகம் வருதுன்னா, அதில் பெரிய பங்கு அந்த முடிவுக்கு.

அதோட இன்னொரு பக்கத்தையும் சொல்லிடணும். அவர் தேவிகள் எல்லாரும் நல்ல சிவப்பு. வசதியான வீட்டுப் பெண்கள் மாதிரிதான் முகம், நகை எல்லாம். எங்க ஆயா மாதிரி கறுப்பா, வயல் வேலை பார்த்த கையோட ஒரு லட்சுமியை அவர் வரையல. அந்த அச்சும் நம்ம மனசுல இன்னைக்கு வரைக்கும் அழியல.

ஒரு கடிதம்

கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ், திருவிதாங்கூருக்கும் அப்புறம் பரோடாவுக்கும் திவானாக இருந்தவர். 1884-ல் அவர் ரவிவர்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். விஷயம் இதுதான். உங்கள் படம் வேண்டும் என்று எத்தனையோ பேர் கேட்கிறார்கள். உங்களுக்கு இருப்பது ரெண்டு கை. நல்ல படங்களைத் தேர்ந்து ஐரோப்பாவுக்கு அனுப்பி அச்சுப்படமாக்குங்கள்.

இந்த இடத்துல நின்னு யோசிங்க. நீங்கதான் நாட்டிலேயே அதிகம் தேடப்படும் ஓவியர். ஒரு படத்துக்கு ராஜாக்கள் கொட்டிக் கொடுக்கிறாங்க. உங்க படம் விலை போறதே அது ஒண்ணே ஒண்ணு இருக்குங்கிறதாலதான். அதை ஆயிரக்கணக்குல அச்சடிச்சா, கடைத்தெருவுல யார் வேணும்னாலும் வாங்கிடுவாங்க. அப்புறம் ராஜா எதுக்கு வாங்கணும்?

ரவிவர்மா பத்து வருஷம் எடுத்துக்கொண்டார். பரோடாவின் 14 படங்களை மக்கள் பார்க்க வைத்தபோது கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போன அவருடைய பத்துப் படங்களுக்குப் பதக்கங்கள் வந்தன. அடுத்த வருஷம், 1894-ல், பம்பாய் கிர்காமில் சொந்தமாக ஒரு கல் அச்சகம் தொடங்கினார். படத்தை ஐரோப்பாவுக்கு அனுப்பவில்லை, ஜெர்மனியிலிருந்து மெஷினையும் ஆட்களையும் இங்கே வரவழைத்தார். முதலில் அச்சான படம் சகுந்தலையின் பிறப்பு. சாமி படம் அச்சடித்ததில் அவர் முதல் ஆள் இல்லை. கல்கத்தாவிலும் புனேயிலும் ஏற்கெனவே அச்சகங்கள் இருந்தன. ஆனால் நாட்டின் நம்பர் ஒன் ஓவியரே தன் படத்தைத் தானே அச்சடித்து விற்க வந்தது புதுசு.

கல்லுல கலர் படம்

இன்ஜினியரிங் பசங்களுக்காக இந்தப் பகுதி. எங்க ஊர் லாரியில போற கல்லு ரோடு போடத்தான் ஆகும். ரவிவர்மா அச்சகத்துக்கு வந்தது ஜெர்மனியின் பவேரியாவில் கிடைக்கும் ஒரு சுண்ணாம்புக் கல். மாவு மாதிரி நுணுக்கமான கல். அதை மழமழன்னு தேய்ச்சு, அது மேல எண்ணெய்ப் பசை உள்ள மையால் வரையணும். அப்புறம் பிசினும் கொஞ்சம் ஆசிட்டும் கலந்து பூசி, கல்லை ஈரமாக்கணும். வரைந்த இடம் தண்ணியைத் தள்ளும், வரையாத இடம் தண்ணியைப் பிடிக்கும். இப்போ அச்சு மை உருளையை ஓட்டினா, மை கோடுகள்ல மட்டும்தான் ஒட்டும். பள்ளம் மேடு எதுவும் கிடையாது, எல்லாம் எண்ணெயும் தண்ணியும் சேராதுங்கிற ஒரே தத்துவம். 1796-ல் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடிச்சது.

கலர் படத்துக்கு ஒவ்வொரு கலருக்கும் தனித்தனிக் கல். நம்ம பிரிண்டர்ல நாலு கலர் இருக்கு. அவங்க ஒரு படத்துக்குப் பத்துக்கும் மேற்பட்ட கல் பயன்படுத்துவாங்க. ஓவியத்தைப் பார்த்து, இந்த இடத்துல எவ்வளவு மஞ்சள், எவ்வளவு ரோஸ்னு கண்ணாலேயே பிரிச்சு, கல்லுல இடம் வலமா மாத்தி, புள்ளி புள்ளியா கையால வைக்கணும். மஞ்சள் கல் மேல காகிதத்தை அழுத்தி, காயவிட்டு, அடுத்த கல், திரும்பக் காயவிட்டு, அடுத்த கல். ஒரு கல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தா லட்சுமியோட உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிடும். கடைசியா வார்னிஷ் பூசி, சில சமயம் துணி மாதிரி சொரசொரப்பையும் அழுத்திக் கொடுத்தா, தூரத்துல இருந்து பார்க்க எண்ணெய் ஓவியம் மாதிரியே இருக்கும். ஓலியோகிராஃப்னு இதுக்குப் பேர்.

நம்ம பசங்க ரெண்டு லேயர் பி.சி.பி. அலைன் பண்றதுக்கே லேப்ல அழுவோம். அந்த அச்சகத்துல கல்லுல புள்ளி வெச்சவங்கள்ல முக்கால்வாசிப் பேரோட பேர் கூட படத்துல இருக்காது.

கடனும் பிளேக்கும்

படம் பரவின கதைன்னா பணம் கொட்டின கதைன்னு நினைப்பீங்க. இல்லை. மெஷின், ஜெர்மன் ஆட்களோட சம்பளம், காகிதம், எல்லாத்துக்கும் செலவு. கூட்டாளியோடு ஒத்துப்போகவில்லை. 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. வேலையாட்கள் ஊரை விட்டு ஓடினார்கள். அச்சகத்தை லோனாவாலா பக்கத்தில் கார்லா அருகே மளவ்லிக்கு மாற்றினார்கள். கடன் ஏறிக்கொண்டே போனது. அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் வரையத் தெரியும், வியாபாரம் வரவில்லை.

கடைசியில் 1900-களின் தொடக்கத்தில், அச்சகத்தை அங்கே வேலை பார்த்த ஜெர்மன் நிபுணர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷருக்கே விற்றுவிட்டார். மெஷினை மட்டுமல்ல, தன் படங்களை அச்சடிக்கும் உரிமையையும் சேர்த்து. அதற்குப் பிறகு அவர் லட்சுமி எத்தனை ஆயிரம் வீட்டுக்குப் போனாலும் அவர் கைக்கு ஒரு பைசா வராது. படங்கள் போனது வீட்டுக்கு மட்டும் இல்லை. காலண்டர், தீப்பெட்டி, துணி லேபிள் என்று எல்லாவற்றிலும் ஏறின. அந்த அச்சகத்தில் வேலை பார்த்த ஒருவர் பிற்பாடு சினிமா எடுத்தார். 1913-ல் ராஜா ஹரிச்சந்திரா எடுத்த தாதாசாகேப் பால்கேதான் அவர்.

1904-ல் பிரிட்டிஷ் அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1905 ஜனவரியில் தம்பி இறந்துபோனார். இத்தனை வருஷம் கூடவே இருந்த கை போன பிறகு ரவிவர்மா ரொம்ப நாள் இருக்கவில்லை. சர்க்கரை நோய் வேறு. 1906 அக்டோபர் 2-ல் கிளிமானூரில், 58 வயதில் காலமானார்.

இறந்த பிறகும் விடவில்லை. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமியும் சகோதரி நிவேதிதாவும், அவர் ஐரோப்பியப் பாணியைக் காப்பி அடித்தவர் என்ற மாதிரி விமர்சித்தார்கள். காலண்டர் படம் என்பது ரொம்ப நாள் ஒரு திட்டாகவே இருந்தது. 1979-ல் இந்திய அரசு அவருடைய ஓவியங்களைத் தேசியக் கலைச் செல்வம் என்று அறிவித்தது. இப்போ அவர் கையால் வரைந்த ஓவியத்தை நாட்டை விட்டு வெளியே கொண்டு போக முடியாது. ஆனால் மளவ்லி அச்சகம் அதைப் பார்க்கவில்லை. 1972-ல் அது தீப்பிடித்து எரிந்துவிட்டது.

கோயில் கதவு

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ, ஆயாகிட்ட அந்தப் படத்தைப் பத்திக் கேட்டேன். ஆயா சொன்னது இது. படத்தை வாங்கினது ஆயாவோட மாமியார். காஞ்சிபுரம் கருட சேவைக்கு மாட்டு வண்டியில போனப்போ தெருக்கடையில வாங்கினதாம். அப்போ எங்க தெருக்காரங்க கோயிலுக்குள்ள போக முடியாது. சாமி வெளிய வந்தாத்தான் பாக்கலாம், அதுவும் தூரத்துல நின்னு. அன்னைக்கு ஒரு சாமியை விலை கொடுத்து வாங்கி, மடியில வெச்சு வீட்டுக்குக் கொண்டு வந்திருக்காங்க. அந்த ஜரிகை? தறி வீட்ல வேலை செஞ்ச சொந்தக்காரங்ககிட்ட துணுக்கு வாங்கி, சோத்துப் பசையில அவங்களே ஒட்டினது.

ஜரிகை ஒட்டின ரவிவர்மா படங்களைச் செட்டிநாட்டுப் பெரிய வீடுகள்ல பார்க்கலாம். சாலவாக்கம் ஓட்டு வீட்லயும் ஒண்ணு இருந்துச்சு. ரெண்டு இடத்துலயும் ஒரே கல்லுல இருந்து வந்த ஒரே மாதிரி லட்சுமி. அச்சுப்படத்துக்கு எந்த வீட்டுக்குள்ள போகலாம், எதுக்குள்ள கூடாதுன்னு தெரியாது.

இதையெல்லாம் ரவிவர்மா திட்டம் போட்டுச் செய்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் அரண்மனை ஆள், அச்சகம் ஒரு வியாபாரம். ஆனாலும் ஒரு தகவல் சொல்றேன். 1936 நவம்பர் 12-ல், திருவிதாங்கூரின் அரசுக் கோயில்களை எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறந்துவிட்டுப் பிரகடனம் செய்தவர் சித்திரைத் திருநாள் மகாராஜா. அவர் ரவிவர்மாவின் மகள் வழிக் கொள்ளுப்பேரன். இங்கே மெட்ராஸ் மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்தது 1939-ல். கோயில் கதவு திறக்கிறதுக்குப் பல வருஷம் முன்னாடியே, கொள்ளுத்தாத்தாவோட அச்சகம் சாமியைத் தெருவுக்கு அனுப்பிடுச்சு.

சரி, நாமளும் வாங்கலாமா?

தாராளமா. முதல்ல நான் ஏமாந்த கதையைக் கேளுங்க. இன்டர்ன்ஷிப் பணத்துல ஒரு பழைய சரஸ்வதி படத்தை, 100 வருஷத்து ஒரிஜினல் அச்சுன்னு நம்பி 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். காகிதம் நல்லா பழுப்பேறி இருந்துச்சு. ரூமுக்கு வந்து போன்ல மேக்ரோ லென்ஸ் மாட்டிப் பார்த்தா, நாலு கலர் புள்ளி சின்னச் சின்ன பூ மாதிரி வரிசையா நிக்குது. அது ஆஃப்செட் அச்சு, கல் அச்சு இல்லை. லேப்ல மூணு மணி நேரம் படிச்ச பாடத்தைக் கடையில ஒரு நிமிஷம் பயன்படுத்தல.

அதனால இதை மனசுல வெச்சுக்கோங்க.

1. லென்ஸ் வெச்சுப் பாருங்க. கல் அச்சுல புள்ளிகள் ஒழுங்கில்லாம, மணல் தூவின மாதிரி, கையால வெச்சது தெரியும். ஒழுங்கான பூ வடிவம் தெரிஞ்சா பிற்கால அச்சு.

2. படத்தோட கீழ் ஓரத்தைப் பாருங்க. அச்சகத்தோட பேரும் ஊரும் அங்கதான் இருக்கும். ஃப்ரேமுக்குள்ள அடங்கறதுக்காக நிறையப் பேர் அதை வெட்டிடுவாங்க. அதுக்காக ஓரத்துல பேர் இருந்தாலே ஒரிஜினல்னும் முடிவு பண்ணாதீங்க, பேரையும் சேர்த்தே மறு அச்சு போடலாம்.

3. பழசு கிடைக்கலன்னா கவலை வேண்டாம். ரவிவர்மா படங்களுக்கு இப்போ காப்புரிமை கிடையாது, யார் வேணும்னாலும் அச்சடிக்கலாம். ஏ3 அளவுக்கு நல்லா வரணும்னா ஃபைல் 3508-க்கு 4961 பிக்சல் இருக்கட்டும். அமிலம் இல்லாத காகிதம், பிக்மென்ட் மை, இந்த ரெண்டையும் கடையில கேட்டு வாங்குங்க. ஃப்ளெக்ஸ்ல போட்டுடாதீங்க, ப்ளீஸ்.

4. ஃப்ரேம் போடும்போது படம் கண்ணாடியைத் தொடக் கூடாது, நடுவுல மவுன்ட் அட்டை வேணும். வெறும் ப்ளைவுட்டைப் பின்னால வெச்சா காகிதம் சீக்கிரம் பழுப்பாகும். வெயில் படுற சுவரும், ஓதம் ஏறுற சுவரும் வேண்டாம்.

5. ரவிவர்மாவோட நிக்காதீங்க. கோவில்பட்டியில இருந்து வரைஞ்ச சி. கொண்டையா ராஜுவோட படங்களைத் தேடுங்க. 1898-ல் பிறந்து 1976-ல் மறைந்தவர். சிவகாசி அச்சு வழியா தமிழ்நாட்டுச் சுவர்களுக்கு வந்த எத்தனையோ சாமி படங்களுக்குப் பின்னால அவரும் அவர் சீடர்களும் இருக்காங்க. அந்தக் காலண்டர்கள் இன்னைக்குப் பழைய பேப்பர் கடைக்குப் போயிட்டிருக்கு. நிஜ ஓவியத்தைப் பார்க்கணுமா? எழும்பூர் மியூசியத்துல ரவிவர்மா வரைஞ்சது இருக்கு. திருவனந்தபுரம் போனா அங்கயும் பார்க்கலாம்.

அந்த 1,800 ரூபாய் சரஸ்வதி இன்னும் என் ஹாஸ்டல் கட்டில் பக்கத்துலதான் இருக்காங்க. வித்தவர் மேல கோவம் இருக்கு, படத்து மேல இல்ல. அவரே தன் படம் ஆயிரக்கணக்குல அச்சாகணும்னு ஆசைப்பட்டவர்தானே.

அரசமரத்தடி

ஆயா சொன்னதைக் கேட்டுட்டு அன்னைக்குச் சாயங்காலமே ஏரிக்கரைக்குப் போனேன். ஆறு வருஷ மழை. எங்க லட்சுமி இல்ல. இருந்திருந்தாலும் காகிதம் மிஞ்சியிருக்காது. மரத்தடியில வேற வேற வீட்டுப் படங்கள் சாஞ்சு நின்னுது. முருகன், வெங்கடாசலபதி, விரிசல் விட்ட கண்ணாடி, கரையான் அரிச்ச சட்டம். ஒவ்வொண்ணா எடுத்துக் கீழ் ஓரத்தைப் பார்த்தேன். பெரும்பாலும் சிவகாசி. போட்டோ எடுத்துக்கிட்டு, துடைச்சு, திரும்ப அங்கேயே வெச்சுட்டு வந்தேன்.

எங்க வீட்ல இருந்தது நிஜமாவே ரவிவர்மா அச்சகத்துப் படம்தானான்னு என்னால இனி சொல்லவே முடியாது. ஓரத்தைப் பார்க்காம தூக்கிட்டுப் போயிட்டேன். கண்ணாடி மாத்த அன்னைக்கு ஒரு நூறு ரூபாய் ஆகியிருக்கும். மாமியார் மடியில வெச்சுக் கொண்டு வந்த படம் அதுன்னு ஆயா அன்னைக்குச் சொல்லல, நானும் கேட்கல. இப்போ ஆயாவுக்குக் கோவமெல்லாம் இல்ல. ஜரிகை மட்டும் பிரிச்சு வெச்சிருக்கலாம்னு ஒரு தடவை சொன்னாங்க, அவ்வளவுதான்.

அதனால மக்களே, செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறீங்க, போகி வருது. வீட்ல பழசெல்லாம் வெளிய வரும். பரண்ல இருந்து ஒரு பழைய படம் இறங்கினா, அது எரியறதுக்கோ மரத்தடிக்குப் போறதுக்கோ முன்னாடி, கண்ணாடியைத் துடைச்சு கீழ் ஓரத்தைப் படிங்க. அப்புறம் அதை வீட்டுக்கு யார் வாங்கிட்டு வந்தாங்கன்னு உங்க ஆயாகிட்ட, பாட்டிகிட்ட, அப்பத்தாகிட்ட ஒரு தடவை கேளுங்க.